அங்க எயார்போர்ட் இருக்காமே!

எங்களில் ஒருத்திக்கு வேலை கிடைத்துவிட்டது. பேராதனையில் கலைப் பீடத்துக் கடைசிப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வருவதற்கு முன்பே. ‘ஆர்ட்ஸ் படிச்சு என்னதான் செய்யப் போற?’ என்று நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் பதில் சொல்லியாயிற்று. வேலை யாழ்ப்பாணத்தில். ஒரு வருட ஒப்பந்தம். சம்பளம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் அது சம்பளம்.

செய்தியைச் சொன்னதும் வந்த பேச்சுகளை அப்படியே தருகிறோம்.

மாமா: “இப்ப அங்க எயார்போர்ட் எல்லாம் இருக்காமே! முந்தி மாதிரி இல்ல. பயப்படாம அனுப்பலாம்.”

பக்கத்து வீட்டு அக்கா: “எயார்போர்ட் இருக்கிற ஊருன்னா நல்லா டெவலப் ஆகியிருக்கும்.”

பெட்ச்மேட்: “மச்சி, ஒரு வருசத்த ஓட்டு. அங்கருந்து நேரா சென்னை. சென்னையிலருந்து எங்க வேணும்னாலும் போகலாம்.”

அம்மா மட்டும் வேறொன்று கேட்டார்: “ராத்திரி பஸ்ஸுல போய் விடியிறதுக்கு முந்தி எறங்கினா, வெளிச்சம் வர்ற வரைக்கும் எங்க நிப்ப?”

இந்தக் கட்டுரை அம்மாவின் கட்சி.

நாங்கள் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்றிரவு போர்டிங் அறையில் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து முதலில் தேடியது, யாழ்ப்பாணத்தில் ஒரு அறைக்கு வாடகை எவ்வளவு என்று அல்ல. தண்ணீர் எப்படி, பகலில் வெயில் எப்படி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் அல்ல. தேடியது விமான நிலையத்தை. எந்தக் கம்பனி பறக்கிறது, எந்த ஊருக்கு, எந்த வகை விமானம் என்று பார்த்ததில் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. பிறகுதான் வேலை கிடைத்தவள் கேட்டாள்: “நாம எதுக்குடி இத பாத்துக்கிட்டு இருக்கோம்? நாம என்ன பிளேன்லயா போகப் போறோம்?”

வேலைக்குப் போகும் ஊரைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தவர்கள், அந்த ஊரை விட்டு வெளியே போகும் வாசலைத்தான் முதலில் தேடியிருக்கிறோம். எங்கள் வயதுக்காரர்களுக்கு இது ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. 2022 இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசை நின்ற நாட்டில் கடவுச்சீட்டுக்கும் வரிசை நின்றது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். எங்கள் வகுப்பில் படித்தவர்கள், எங்கள் அண்ணன்மார், எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த டீச்சர்மார் எல்லாரையும் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டு வந்தவர்கள் நாங்கள். எயார்போர்ட் என்றால் எங்களுக்கு வழியனுப்பும் இடம். அதனால்தானோ என்னவோ, அது இருக்கும் ஊரைப் பார்த்தால் நிம்மதி வருகிறது.

இந்த நிம்மதி பொய் என்பதுதான் எங்கள் வாதம். ஒரு ஊரில் விமான நிலையம் இருக்கிறது என்பது அந்த ஊர் வாழத் தகுந்தது என்பதற்குச் சான்று இல்லை. அது யாருடைய நிலத்தில் இருக்கிறது, யாரை ஏற்றி இறக்குகிறது, ஏறாதவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் அதை முன்னேற்றம் என்று சொல்வது சோம்பேறித்தனம்.

முதலில் பயணக் கணக்கு

கண்டியில் விமான நிலையம் கிடையாது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் தண்ணீரில் இறங்கும் சிறு விமானங்கள் வந்து போனதுண்டு. அவை சுற்றுலா வருபவர்களுக்கு. ஆகவே கண்டியில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துக்குப் பறக்க வேண்டுமென்றால் முதலில் கொழும்புக்கு இறங்க வேண்டும். உள்நாட்டுச் சிறு விமானங்கள் கிளம்புவது இரத்மலானையில். கண்டியிலிருந்து அங்கே போய்ச் சேர கொழும்பு நெரிசலையும் சேர்த்து நாலைந்து மணித்தியாலம். பிறகு காத்திருப்பு, பிறகு பறப்பு. பலாலியில் இறங்கினால் யாழ்ப்பாண நகரத்துக்கு இன்னும் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். அதே நேரத்தில் கண்டியில் பஸ் ஏறியவர் ஆனையிறவு தாண்டி உப்புக்காற்றை வாங்கிக்கொண்டிருப்பார். டிக்கட் விலையை ஒப்பிடவே வேண்டாம்.

ஏ9 வீதி என்று நாட்டுக்கே தெரிந்த அந்த வீதியின் பெயரே கண்டி - யாழ்ப்பாணம் வீதிதான். 321 கிலோமீற்றர். கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி வழியாகப் போகிறது. செய்திகளில் அது எப்போதும் வவுனியாவில்தான் தொடங்குகிறது, ஏனென்றால் யுத்தம் அங்கேதான் தொடங்கியது. 1990 இல் மூடி, 2002 இல் திறந்து, 2006 இல் திரும்பவும் மூடி, 2009 க்குப் பிறகு திறந்த பாதை. அந்தப் பாதையின் மறுமுனை எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது என்பதை எங்களுக்கே யாரும் சொல்லித்தரவில்லை.

கோச்சியில் போகலாமே என்பீர்கள். போகலாம். வழமையாகக் கண்டியில் ஏறி, பொல்காவலையில் மூட்டை முடிச்சோடு இறங்கி, கொழும்பிலிருந்து வரும் வடக்குக் கோச்சிக்குக் காத்து நின்று மாற வேண்டும். யுத்தத்தில் பிடுங்கிப்போட்ட தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் கோச்சி விட்டார்கள். நல்ல விசயம். ஆனால் அது கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது. இந்த நாட்டில் எந்த இரண்டு ஊரை இணைத்தாலும் நடுவில் கொழும்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பலாலி யாருடைய மண்?

அன்றிரவு போனில் பார்த்ததை மூடிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் ‘புது எயார்போர்ட்’ என்று நினைத்துக்கொண்டிருந்தது புதிதே இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட தளம் அது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி சென்னைக்குப் போனபோது நடுவில் இறங்கிய இடம் இதுதான். காங்கேசன்துறை என்று அப்போது சொன்னார்கள். நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்பே யாழ்ப்பாணத்தான் சென்னைக்குப் பறந்திருக்கிறான்.

பிறகு யுத்தம் வந்து அது இராணுவத்தின் இடமாகிப் போனது. 1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது வலிகாமம் வடக்குச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியது. சில நாட்களில் திரும்பலாம் என்றுதான் போனார்கள். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை, தையிட்டி என்று செம்மண் தோட்டமும் மீன்பிடித் துறையுமாக இருந்த ஊர்களெல்லாம் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்ற ஒரே பெயருக்குள் காணாமல் போயின. மல்லாகம் கோணாப்புலம் போன்ற முகாம்களில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணம் கட்டிய ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களுடைய வீடு அங்கிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம். போகத்தான் முடியாது.

தரைப்பாதை மூடியிருந்த காலத்தில் கப்பலும் பலாலி விமானமும்தான் குடாநாட்டுக்கு இருந்த வழி. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானத்தைப் புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள். 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் தமிழர்கள். யுத்தத்தின் எல்லாப் பக்கமும் அந்த ஓடுபாதையில் எழுதியிருக்கிறது.

யுத்தம் முடிந்தால் நிலம் திரும்பும் என்று இருந்தவர்களுக்கு 2013 இல் கிடைத்தது மரத்திலும் மதிலிலும் ஒட்டிய அறிவித்தல்: 6,381 ஏக்கர் சுவீகரிக்கப்படுகிறது. சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015 க்குப் பிறகு துண்டு துண்டாகச் சில பகுதிகளை விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் திரும்பியது. மிச்சத்துக்கு இன்றும் போராட்டம் நடக்கிறது.

2019 ஒக்டோபர் 17 அன்று இதே இடத்தைத்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்து வைத்தார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்தது தெற்கில் சிலருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த நாங்கள் அந்தப் படத்தைப் பெருமையாகப் பகிர்ந்தோம். பலகையைப் பார்த்த எங்களுக்கு அது நட்டிருந்த மண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. பலகையில் முதலிடம் கொடுப்பதற்கு அரசாங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. காணியைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் செலவு.

சில மாதங்களில் கொரோனா வந்து விமானம் நின்றது. 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச்சில் திருச்சிக்கும் என்று கூடியிருக்கிறது. வருவதெல்லாம் எழுபது எண்பது பேர் ஏறும் விசிறி விமானங்கள். சென்னைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்து வாசியுங்கள். அந்தத் தளத்தின் ஓரமாகப் போகும் பலாலி வீதியின் ஒரு துண்டை 34 வருடத்துக்குப் பிறகு 2025 ஏப்ரலில் சனத்துக்குத் திறந்தார்கள். காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரைக்கும் மட்டும். வாகனத்தில் போகலாம், நடந்து போகக் கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சென்னையிலிருந்து வருபவர் கடல் தாண்டிப் பறந்து வந்து இறங்கலாம்; பக்கத்து ஊர்க்காரர் தன் ஊர் வீதியில் இறங்கி நடக்க முடியாது. முன்னேற்றம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசட்டும்.

கட்டிவிட்டால் விமானம் வருமா?

இராணுவத்தை விட்டுத்தள்ளுங்கள், யுத்தமே நடக்காத மண்ணில் கட்டினால்? அதற்கும் எங்களிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தள. 2013 மார்ச்சில் திறந்தார்கள். 3,500 மீற்றர் ஓடுபாதை, வருடத்துக்குப் பத்து இலட்சம் பயணிகளைத் தாங்கும் கட்டடம், சீனக் கடன், ஜனாதிபதியின் குடும்பப் பெயர். பயணிகள் மட்டும் வரவில்லை. 2015 இல் நாட்டின் சொந்த விமானக் கம்பனியே அங்கே போவதை நிறுத்தியது. பிறகு நெல் மூட்டை அடுக்க இடம் கொடுத்தார்கள். உலகத்திலேயே வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியது.

மத்தளயைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கடனை மலையகத்தில் ஒரு இறாத்தல் சீனி வாங்குபவரும் சேர்த்துத்தான் கட்டுகிறார் என்பது சிரிப்பில் மறந்துபோகிறது.

இது இலங்கைக்கு மட்டுமான கதையும் இல்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் பக்கத்தில் பரந்தூரை 2022 இல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் சனம் அன்றிலிருந்து வயலுக்கும் ஏரிக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்கள் யாரும் விமானத்துக்கு எதிரி இல்லை. ‘வளர்ச்சி’ என்ற சொல் கேட்டதும் எழும்பி இடம் கொடுக்க வேண்டியது எப்போதும் நாங்கள்தானா என்றுதான் கேட்கிறார்கள்.

எங்கள் வழி எது?

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருவோம். வேலைக்காக ஊர் மாறுவது எங்கள் குடும்பங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் இந்த மலைக்கு வந்ததே அப்படித்தான். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்த எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் கொலரா வந்தும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023 இல், 200 வருட நினைவாக, அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்களே, நினைவிருக்கிறதா?

1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. யாருக்காக? கோப்பி மூட்டை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்குவதற்காக. மலைக்கு ஏறிய கூலிக்காரர் அதற்குப் பிறகும் நீண்ட காலம் நடந்துதான் வந்தார். தலைமன்னார் வரை தண்டவாளம் போனது 1914 இல். மூட்டைக்கு முதலில் பாதை, மனிசனுக்குப் பிறகு. 1948 இல் குடியுரிமையைப் பறித்து, 1964 ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தபோது, அதே தண்டவாளத்தில்தான் எங்கள் ஆச்சிமாரின் தங்கச்சிமாரையும் அண்ணன்மாரையும் அழ அழ ஏற்றி அனுப்பினார்கள். அந்த நேரம் கோச்சி ஒழுங்காக வந்தது.

பாதை போடுவது மட்டும் உபகாரம் இல்லை என்று எங்களுக்குத் தெரிய இதற்கு மேல் படிப்பு தேவையில்லை. யார் போட்டார்கள், யாரை ஏற்ற, எந்தப் பக்கமாக என்று கேட்கத் தெரியாவிட்டால், வரலாறு படித்தோம் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கப்பட வேண்டும்.

ஓடுபாதை சொல்லாத விசயம்

வேலை கிடைத்தவள் அறை தேடி யாழ்ப்பாணத்துக்குப் போன் அடித்தாள். முதல் வீட்டு அன்ரி அன்பாகத்தான் பேசினார்.

“பிள்ளை எந்த ஊர்?”

“கண்டிப் பக்கம், அன்ரி.”

“கண்டி ரவுணோ, தோட்டப் பக்கமோ?”

“தோட்டம்தான் அன்ரி. அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்துல வேலை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அறை நேற்றுத்தான் குடுத்திட்டம் பிள்ளை.” அன்று பின்னேரமும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது.

இதை எழுத வேண்டாம் என்று எங்களுக்குள்ளேயே ஒருத்தி சொன்னாள். ‘யாழ்ப்பாணத்தாரைக் கோபப்படுத்தும்’ என்றாள். கோபம் வந்தால் வரட்டும். மலையகத்துச் சின்னப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு எடுத்த வீடுகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தன, கொழும்பிலும் இருந்தன, கண்டியிலும் இருந்தன. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் எங்கள் காதுக்குப் புதிதில்லை. ஒரே மொழி பேசுகிறோம் என்பதால் அறை கிடைத்துவிடாது. ஊரைக் கேட்கும் கேள்விக்குள் சாதியைக் கேட்கும் கேள்வி ஒளிந்திருப்பது எங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வீட்டு அன்ரி ஊரைக் கேட்கவே இல்லை. “இரவு பஸ்ஸில வந்தா விடிய முந்திக் கோல் எடுங்கோ, இவர் வந்து கூட்டிக்கொண்டு வருவார். தனியா நிக்க வேண்டாம்” என்றார். அம்மா கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

ஒரு ஊரை அறிவது என்றால் எங்களுக்கு இதுதான். எந்த வீடு கதவைச் சாத்தும், எந்த வீடு திறக்கும் என்று எந்த விமான அட்டவணையும் சொல்லாது.

“அப்ப எயார்போர்ட் வேண்டாங்கிறீங்களா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில்: இல்லை. பலாலி வேண்டும்.

சிதம்பரம் பார்க்க ஆசைப்படும் அப்பம்மாவுக்கு, சென்னையில் சத்திரசிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு, அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வரும் குடும்பத்துக்கு, முப்பது வருடம் கழித்து ஊர் பார்க்க வரும் பெரியப்பாவுக்கு அது வேண்டும். இவர்களெல்லாம் நேற்று வரைக்கும் ஒரு இரவு முழுக்கக் குலுங்கிக் குலுங்கிக் கட்டுநாயக்காவுக்குப் போனவர்கள். வடக்குச் சனம் தன் வாசலிலிருந்து பறப்பது ஆடம்பரம் என்று சொல்ல நாங்கள் யார்? 1947 இலேயே இருந்ததைத் திரும்பக் கேட்கிறார்கள்.

எங்கள் சண்டை விமான நிலையத்தோடு இல்லை, அதைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் மறைப்பதோடு. பலாலி உண்மையாகவே சனத்தின் விமான நிலையமாக இருக்க வேண்டுமென்றால் சில விசயங்கள் நடக்க வேண்டும். ஓடுபாதைக்கு உண்மையில் எவ்வளவு நிலம் தேவை என்று வெளிப்படையாக அளந்து சொல்லி, மிச்சத்தை உறுதி வைத்திருப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். எடுக்கும் துண்டுக்கு இன்றைய விலை கொடுக்க வேண்டும். பலாலி வீதியில் மாலை 5 மணிக்குப் பிறகும் மனிசன் நடக்க வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் வரும் வேலைகளில் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலில் இடம் வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் நகரத்திலிருந்து ஒரு சாதாரண பஸ், சாதாரண டிக்கட்டில் ஓட வேண்டும்.

கண்டிக்காரர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. குண்டசாலைப் பக்கம் எயார்போர்ட் வரும் என்ற பேச்சு நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே கேட்டது. தேர்தல் வந்தால் அதுவும் திரும்ப வரும். ‘யாழ்ப்பாணத்துக்கே இருக்கு, நமக்கு இல்லையா?’ என்று டீக்கடையில் சூடாகப் பேசுவோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது என்ன நடந்தது என்று அதே டீக்கடையில் யோசித்துப் பாருங்கள். மலை சரிந்து லயங்களை மூடியது. வீதிகள் அறுந்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. பக்கத்துத் தோட்டத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறியவே நாட்கள் ஆயின. அந்த நாட்களில் எங்களுக்குத் தேவைப்பட்டது அறாத வீதியும், சரியாத இடத்தில் ஒரு வீடும்தான். இந்த மலைக்குள் ஒரு ஓடுபாதைக்கு இடம் தேடிச் சமதரை வெட்டுவதற்கு முன், அந்தப் பணத்தில் எத்தனை லயத்துக் குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்ற கணக்கை முதலில் காட்டுங்கள்.

எங்களுக்கு வேண்டியதைக் கேட்டால் அரசியல்வாதிகளுக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னது. கண்டியில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கும் ஒரு நேர் கோச்சி. இரவு பஸ் நிறுத்தும் இடங்களில் பெண்கள் பயமில்லாமல் போகக்கூடிய, தண்ணீர் வரும் கழிவறை. விடியும் வரைக்கும் உட்கார வெளிச்சமுள்ள ஒரு காத்திருப்பு அறை. திறப்பு விழாவுக்கு ரிபன் வெட்ட இதில் இடமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இவையெல்லாம் இன்னும் வரவில்லை.

அவள் வருகிற வெள்ளிக்கிழமை இரவு போகிறாள். குட்செட் பக்கம் பஸ் ஏற்றிவிட நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். ஒரு சூட்கேஸ், ஒரு ரைஸ் குக்கர், அம்மா கட்டித்தரும் சோறு, தோட்டத்துத் தேயிலைத் தூள் இரண்டு பைக்கட். ஒன்று அந்த மூன்றாவது வீட்டு அன்ரிக்கு.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர்களே, இதை வாசித்தால் எங்களுக்கு எழுதுங்கள். விமானம் எத்தனை மணிக்கு என்று வேண்டாம், அதை நாங்களே பார்த்துவிட்டோம். வேலை முடிந்து நகரத்திலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, எந்த வீட்டில் ஊர் கேட்காமல் அறை கொடுப்பார்கள் என்று எழுதுங்கள். அவளுக்குப் பிறகும் இங்கிருந்து ஆட்கள் வருவார்கள்.